விதவைகள் வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி

இன்று காலை கள்ளக்குறிச்சியில், முன்னாள் படைவீரர் சங்கக் கூட்டத்தில், என்னை விதவைகள் வரிசையில் உட்கார வைத்தார்கள்.

(எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.)

ஆண்கள் வலப்பக்கம், படைவீரர்களின் விதவைகள் இடப்பக்கம் என்பது அங்கே வழக்கம். ராணுவ மருத்துவமனையில் ஐந்து வருடம் நர்ஸாக இருந்துவிட்டு வந்தவளுக்கு எந்தப் பக்கம் என்று யாரும் யோசித்ததில்லை.

ஊர் திரும்பிப் பத்து மாதம் ஆகிறது. வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. வார்டைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் அம்மா, "அத்த வுடு, சாப்புடு" என்பார். காது கொடுக்க ஓர் ஆளாவது கிடைக்குமா என்றுதான் ரிஷிவந்தியத்தில் பஸ் ஏறினேன்.

என் பஸ் தாண்டிய பிறகு தியாகதுருகத்தில் இடஒதுக்கீடு கேட்டு சாலை மறியல். சங்கத் தலைவர் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். காத்திருந்தோம்.

பக்கத்து நாற்காலியில் நைனார்பாளையத்து அக்கா ஒருவர்.

"இன்னாம்மா, சின்ன வயசா கீற. வூட்டுக்காரரு எப்பத் தவறனாரு?"

"வூட்டுக்காரரே இல்லக்கா. நான்தான் மிலிட்டரியில இருந்தேன். நர்ஸு."

"அப்ப நீ அந்தாண்ட இல்ல குந்தணும்?"

"இங்கதான் குந்தச் சொன்னாங்க."

"சொன்னா குந்திக்குவியா? துப்பாக்கி புடிச்ச பொண்ணாட்டம் பேசு."

"ஊசிதாங்க்கா புடிச்சேன்."

சிரித்தார். பிறகு தன் கதையைச் சொன்னார். அவர் கணவர் வடக்கே ஒரு ராணுவ மருத்துவமனையில் இறந்தவர். இவருக்கு வந்தது ஒரு போன் தகவலும் சவப்பெட்டியும்தான்.

"ஒண்ணு கேக்கறேன், மெய்யாச் சொல்லு. கடசீல பக்கத்துல யாராச்சும் இருப்பாங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். வாய் வரவில்லை.

"எல்லா நேரமும் முடியாதுக்கா. தமிழ்க்காரர் ஒருத்தருக்கு மட்டும் நான் இருந்தேன். ட்யூட்டி முடிஞ்சும் கையப் புடிச்சிக்கினு இருந்தேன்."

"இன்னா சொன்னாரு?"

"வூட்டு மாடு கன்னு போட்டுச்சான்னு கேட்டாரு. போட்டுச்சு, பொட்டக் கன்னு, கெடேரின்னு சொல்லிட்டேன்."

"மெய்யாலுமே போட்டுச்சா?"

"எனக்கு எப்படிக்கா தெரியும்?"

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சாகப்போகிறவரிடம் பொய் சொன்னவள் என்று எனக்குள்ளேயே வைத்திருந்தேன்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கெடேரின்னா சந்தோசமாத்தான் போயிருப்பாரு."

அதற்குள் தலைவர் வந்துவிட்டார். என்னைப் பார்த்துப் பதறி ஓடிவந்தார்.

"மேடம், தப்பா குந்த வச்சிட்டாங்க. அந்தாண்ட வாங்க."

எழப்போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"நீங்க கூட்டத்த ஆரம்பிங்கண்ணே. நாங்க பேசிக்கினு கீறோம்."

உட்கார்ந்துவிட்டேன்.

கூட்டத்தில் என்ன தீர்மானம் போட்டார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை.