தலைகீழ் பாக்கெட்

பொதட்டூர்பேட்டையில் நான் வேலை பார்க்கும் லுங்கி கம்பெனி மூன்று தலைமுறை பழையது. இளவட்டங்கள் அரைக்கால் டவுசருக்கு மாறியதும் விற்பனை படுத்துவிட்டது. அதைத் தூக்கி நிறுத்தியது பாக்கெட் லுங்கிதான். யோசனை என்னுடையது. முதல் சொதப்பலும் என்னுடையதே.

இடுப்பருகே பாக்கெட் வைத்தால், லுங்கியை மடித்துக் கட்டும்போது அது உள்ளே மறைந்துவிடும். அதனால் கீழ் ஓரத்தின் உட்புறத்தில் தலைகீழாகத் தைக்கச் சொன்னேன். மடித்துக் கட்டினால் பாக்கெட் மேலே வந்து நிமிர்ந்து நிற்கும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

முதல் லுங்கியை முதலாளியே மடித்துக் கட்டிக்கொண்டு, பாக்கெட்டில் செல்போனோடு என்னுடன் திருத்தணிக்கு வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் மலைக்கோயில் தெரிந்தது. சட்டென்று லுங்கியை இறக்கிவிட்டுக் கும்பிட்டார். செல்போன் தார் ரோட்டில் விழுந்து கண்ணாடி நொறுங்கியது.

"ஜிப் வச்சிடலாங்க" என்றேன், அசடு வழிய.

அவர் திட்டவில்லை. செல்போனைப் பொறுக்கிக்கொண்டே என் பேண்ட்டைப் பார்த்தார்.

"ஜிப்பு வைக்கலாம்பா. மொதல்ல நீ லுங்கி கட்டிகினு வா. பேண்ட் போட்டுகினு யோசிச்சா இப்டித்தான் ஆவும்."

எனக்குச் சுருக்கென்றது. லுங்கி கட்டாதவனா நான்? வீட்டில் அதுதானே!

மறுநாள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டே கம்பெனிக்குப் போனேன். வாசலில் முதலாளி நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் என் கை தானாகப் போய் லுங்கியை இறக்கிவிட்டது.

"ஆங், இப்ப சொல்லு" என்றார். "பாக்கெட்ட எங்க வைக்கலாம்?"