குப்பை வண்டிக்கு மஞ்சள் பெயிண்ட்

வெர்னா ஹோஸ்டெட்லர் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். மாலையில் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றியதும் வேறு ஆளாகிவிடுவாள். வண்டியாகவும் ரோபோவாகவும் மாறும் பொம்மைகளைக் கேமரா முன்னால் மடக்கி, விரித்து, குறை சொல்லி இணையத்தில் போடுவாள். எங்கள் டேட்டன் நகரத்தில் பக்கத்துத் தெருக்காரர்களுக்குக்கூட அவளைத் தெரியாது. ஆனால் ஒஹாயோ மாநிலம் முழுக்க இருக்கும் பொம்மைப் பைத்தியங்களுக்கு அவள் குரல் அத்துப்படி. நானும் அதில் ஒரு பைத்தியம்தான்.

அவளுக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. பழைய அச்சில் வார்த்த பொம்மைக்கு வேறு பெயிண்ட் அடித்து, பெயரை மாற்றி, புதுசு என்று விற்பது. "பழைய மாப்பிள்ளைக்குப் புதுச் சட்டை மாட்டி இன்னொரு கல்யாணமா?" என்பாள்.

சென்ற கோடையில் எங்கள் ஊர் ரோபோ பொம்மை மாநாட்டில் அப்படி ஒரு பொம்மை வந்தது. மாநாட்டைத் தவிர வேறெங்கும் கிடைக்காது. அதை மேடையிலேயே பிரித்து மதிப்பிட வெர்னாவைக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் கணவன் ராய்ஸ் முன்வரிசையில், குச்சியில் செருகிப் பொரித்த கார்ன் டாக் ஒன்றைத் தின்றுகொண்டிருந்தான். இத்தனை வருஷத்தில் மனைவியின் பொம்மைகளில் ஒன்றைக்கூட அவன் தொட்டதில்லை. நான் அவன் பக்கத்தில் இருந்தேன்.

பெட்டியைத் திறந்தாள். உள்ளே மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து. வெர்னாவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். மலர்ந்தது சுருங்கிவிட்டது.

"இது போன வருஷத்துக் குப்பை வண்டிதானே?"

கூட்டம் சிரித்தது. பின்பக்கத்தில் குப்பைத் தொட்டியைத் தூக்கிக் கவிழ்க்கும் இரும்புக் கை அப்படியே இருந்தது.

"பள்ளிக்கூட பஸ்ஸுல இது எதுக்கு? எந்தப் பிள்ளையத் தூக்கிக் கவுக்கப் போறீங்க? யோசனை வேணும்னா சொல்லுங்க, எனக்குச் சில பேரு தெரியும்."

"பேரச் சொல்லு வெர்னா!" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான்.

"சொல்வேன். அவங்க அம்மாமாரு இங்கதான் உக்காந்திருக்காங்க."

பொம்மையை ரோபோவாக மாற்ற ஆரம்பித்தாள். கதவு இறக்கையானது, சக்கரம் முழங்காலானது. கைகளை இழுத்தாள். இடது தோள் தொளதொளவென்று தொங்கியது. அவளுக்குக் கிட்டப்பார்வை. நுணுக்கமாகப் பார்க்க வேண்டுமானால் தன் கத்திரிப்பூ நிறக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிடுவாள். அப்படியே ஏற்றிக்கொண்டு, பொம்மையின் தலையை மூக்கில் இடிக்கும் அளவுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள்.

"ஐயையோ, பெயிண்ட் அடிச்சவங்க தும்மிட்டாங்க போல. மூஞ்சி பூரா கத்திரிப்பூக் கலர் கொட்டியிருக்கு!"

ராய்ஸ் தின்பதை நிறுத்திவிட்டு, தன் கண்களுக்கு முன்னால் விரல்களை வட்டமாக்கிக் காட்டினான். மேடையிலிருந்த பெரிய திரையில் அந்த முகம் எல்லோருக்கும் தெளிவாகத் தெரிந்தது. சிரிப்பு கூடிக்கொண்டே போனது. தன் நகைச்சுவைக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து வெர்னா இன்னும் வேகமெடுத்தாள்.

"தலையில வேற என்னமோ சாம்பல் கலர்ல கொண்டை மாதிரி. தொட்டியில ஒட்டுன குப்பையக் கழுவலையா?"

மேடை ஓரத்தில் நின்ற பெண் மெல்ல மைக்கை வாங்கினாள். பெயர் ஜோலின் ஸ்டாக்மன். அந்தப் பொம்மைக்கு நிறம் தேர்ந்தெடுத்தவள்.

"மேடம், அது கொட்டுனது இல்ல. கண்ணாடி. மேல இருக்கிறது கொண்டைதான்."

"யாரோட கண்ணாடி?"

"இப்ப உங்க நெத்தியில இருக்கே, அதுதான்."

வெர்னா கையை நெற்றிக்கும், பிறகு தன் நரைத்த கொண்டைக்கும் கொண்டுபோனாள். கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு, பொம்மையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். உள்ளங்கை அளவு ரோபோ, கொண்டையும் கண்ணாடியுமாக, வாயைக் கொஞ்சம் கோணிக்கொண்டு அவளையே முறைத்தது. பேருந்தில் பின்சீட்டுப் பிள்ளைகளை அவள் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடி வழியே முறைக்கும் அதே முறைப்பு.

"பள்ளிக்கூட பஸ்ஸு ஓட்டுறவங்கள யாரும் ரோபோவா செய்யலைன்னு நீங்க ஒரு தடவை சொன்னீங்க. புது அச்சு போட எங்களுக்குக் கட்டுப்படியாகாது. இருக்கிற குப்பை வண்டியிலதான் செய்ய முடிஞ்சுது" என்றாள் ஜோலின்.

வெர்னாவின் முகம் கழுத்து வரை சிவந்துவிட்டது. மேடைத் தொகுப்பாளர் இரக்கப்பட்டு, "மார்க் போடணும்னு கட்டாயமில்ல, மேடம்" என்றார்.

"ஏன் போடக் கூடாது? அதுக்குத்தானே கூப்பிட்டீங்க?" மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "பெயிண்ட்டுக்குப் பத்துக்கு ஒம்பது. பொம்மைக்கு அஞ்சு. தோள் ஆடுது. என் மூஞ்சிய வச்சதுக்காக ஆடுற தோள் நின்னுடுமா?"

ஜோலின்தான் முதலில் வெடித்துச் சிரித்தாள். "நானும் இதையேதான் சொன்னேன், யாரும் கேக்கல!"

வெர்னா அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். அதில் கண்ணாடி மறுபடி நெற்றிக்கு ஏறிவிட்டது. அன்று மதியத்துக்குள் அந்தப் பொம்மை ஒன்றுகூட மிஞ்சவில்லை. அஞ்சு மார்க் வாங்கியதைத்தான் எல்லோரும் கேட்டு வாங்கினார்கள்.

திரும்பும்போது என்னையும் தங்கள் காரில் ஏற்றிக்கொண்டார்கள். வெர்னா ஓட்டினாள். ராய்ஸ் பெட்டியிலிருந்து அந்தப் பொம்மையை எடுத்தான்.

"வழியில என்னத்தையாவது ஒடைச்சிடாத" என்றாள் வெர்னா.

"ரோபோவா இருக்கிறத பஸ்ஸாக்கணும், அவ்வளவுதானே?"

காலை மடக்கினான், கையைத் திருகினான். எதுவும் எதிலும் பொருந்தவில்லை. கடைசியில் பேருந்தின் முன்கண்ணாடி வழியே கொண்டைத் தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"ஏய், இப்ப இது பஸ்ஸா, நீயா?"

வெர்னா ஓரக்கண்ணால் பார்த்தாள். "திங்கக்கிழமை காலைல நான் அப்படித்தான் இருப்பேன். குடு இங்க."

பெட்ரோல் பங்க் ஒன்றில் காரை நிறுத்தி அவள் சரிசெய்தாள். "இன்னொரு தடவை காட்டு" என்று கேட்டான் ராய்ஸ். நான் பின்சீட்டில் காத்திருந்தேன். அவர்கள் கிளம்புவதாக இல்லை.