தொண்ணூறு வோல்ட்

டிவி, ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் செய்து பிழைக்கிறேன். வலங்கைமானில் கடை. எனக்குக் கரன்ட் என்றால் பயம். வாடிக்கையாளர்களிடம் இதைச் சொன்னால் செட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள், அதனால் சொல்வதில்லை. தொழிலுக்கு வந்து இருபது வருஷம் கழித்து, ஒரு சித்திரை மாதக் காலையில், என் தங்கை வீட்டில் பிடித்த பயம் அது.

தங்கையைத் திருப்பனந்தாள் பக்கம் ஒரு கிராமத்தில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை. வீட்டில் அவள் மட்டும்தான். அன்று காலை போன் செய்தாள்.

“அண்ணே, ஹோம் தியேட்டர் கொர்ர்ருனு இரையுது. கிரைண்டர் போட்டா டிவி தானா ஆஃப் ஆயி ஆஃப் ஆயி வருது. ஒழிஞ்சப்ப வந்து பாரு.”

“நீ பாட்டுக்கு ஃபுல் சவுண்டு வெச்சா இரையாம என்ன செய்யும்?”

“ஆமாமா, நீ வாங்கிக் குடுத்த லட்சணம் அப்புடி.”

கெப்பாசிட்டர்தான் போயிருக்கும் என்று நான்கைந்து கெப்பாசிட்டரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் வாய்க்கால் காய்ந்து, வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஆற்றில் தண்ணீரை நிறுத்தி மாதங்கள் ஆகியிருந்தன. அதைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வெயிலைத் திட்டிக்கொண்டே போனேன்.

போனதும் காப்பி கொடுத்தாள். கிரைண்டரில் மாவைப் போட்டு ஓடவிட்டுவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். நான் ஆம்ப்ளிஃபையரைக் கழற்றிக் கெப்பாசிட்டரை மாற்றி மூடினேன். இரைச்சல் அப்படியே இருந்தது. எரிச்சலாக வந்தது. சரி, வருகிற கரன்ட்டையாவது பார்ப்போம் என்று மீட்டரை பிளக்கில் வைத்தேன். நூற்று நாற்பது.

இருநூற்று முப்பது இருக்க வேண்டிய இடத்தில் நூற்று நாற்பது. மீதித் தொண்ணூறு வோல்ட் எங்கே போயிற்று?

கொல்லையில் அடிபம்பு அடிக்கும் சத்தம் கேட்டது. கிறீச், கிறீச். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

கரன்ட் வீட்டுக்குள் வர ஒரு கம்பி, திரும்பிப் போக ஒரு கம்பி. திரும்பும் கம்பிக்கு நியூட்ரல் என்று பேர். ஐந்து மாதம் முன்பு, கார்த்திகைப் புயலில் இந்த வீட்டுக்கு வரும் நியூட்ரல் அறுந்துபோனது. எங்கள் பக்கத்தில் அதற்கென்று யாரும் நாள் கணக்கில் காத்திருப்பதில்லை. கொல்லையில் இருக்கும் இரும்புக் குழாயில் ஒயரைச் சுற்றிவிட்டால் ஈர மண் கரன்ட்டை வாங்கிக்கொள்ளும், டிவி ஓடும். வயலெல்லாம் தண்ணீர் நின்ற நேரம் அது. “ரெண்டு நாளைக்குத்தான், லைன்மேன் வந்ததும் கழட்டிடலாம்” என்று சொல்லி, பச்சை ஒயர் ஒன்றை இழுத்து அந்த அடிபம்பில் முறுக்கியவன் நானேதான். அதோடு மறந்தும் போனேன்.

இப்போது மண் காய்ந்துவிட்டது. மண் வாங்காத கரன்ட் இரும்பிலேயே நிற்கும். தொண்ணூறு வோல்ட்டும் பம்பில் இருக்கிறது. என் தங்கை வெறுங்காலோடு ஈரத்தில் நின்று அதை அடித்துக்கொண்டிருக்கிறாள்.

பம்புச் சத்தம் நின்றது.

மெயின் சுவிட்ச் வாசல்பக்கம். அவள் கொல்லைப்பக்கம். அவளிடம் ஓடினால் இரண்டு பேரும் போய்விடுவோம் என்று தொழில் சொன்னது. உடம்பெல்லாம் கொல்லைக்கு ஓடு என்றது. தங்கையை விட்டுவிட்டு நான் வாசலுக்கு ஓடினேன். பதினைந்து அடி இருக்குமா அந்தக் கூடம்? இன்றைக்கும் சில சமயம் அதில் ஓடிக்கொண்டிருக்கிறேன். சுவிட்சை இறக்கியதும் கிரைண்டர் முனகிக்கொண்டே நின்றது. வீட்டில் ஒரு சத்தம் இல்லை. கொல்லையில் என்ன கிடக்கிறது என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

“அண்ணே, கரன்ட் போயிருச்சா? மாவு பாதியில நிக்குதே.”

குடம் நிரம்பியதால் பம்பை விட்டிருக்கிறாள். அவ்வளவுதான். செருப்பைக்கூட மாட்டாமல் கொல்லைக்கு ஓடினேன். இடுப்பில் குடத்தோடு நின்றிருந்தாள். பம்பின் கைப்பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியிருந்தது.

“இது என்னடி?”

“மாசியிலேருந்து தொட்டா சுருக்குனு கடிக்குது. அதான் டியூப சுத்தி வெச்சேன்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“டிவி கெட்டா உன்னக் கூப்புடுவேன். பம்பு கடிக்கிறதுக்கு உன்ன எதுக்குக் கூப்புடணும்?”

நான் குனிந்து அந்தப் பச்சை ஒயரைப் பிய்த்தேன். இறுகியிருந்த முறுக்கு லேசில் அவிழவில்லை.

“அதை ஏன் கழட்டுற? தையிலயே லைன்மேன் வந்து, இது ஆபத்து, எடுத்துட்டு மேல நியூட்ரல் போட்டுத் தர்றேன்னாரு. எங்கண்ணன் போட்டது, அதத் தொடாதீங்கன்னு திருப்பி அனுப்பிட்டேன்.”

ஒயர் கையில் இருந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“அவர் சொன்னதுதாம்மா சரி. நான் போட்டதுதான் உன்னை இத்தனை நாளாக் கடிச்சுது. அந்த டியூப் மட்டும் இல்லன்னா…”

அவள் குடத்தை மெல்லக் கீழே வைத்தாள். பம்பையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவள் பார்வை பம்படி ஈரத்தில் நின்ற என் வெறுங்காலுக்கு வந்தது. சட்டென்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“ஈரத்துல நிக்காதண்ணே. மேல வா.”