ஏழு சிவப்புத் தையல்கள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. இதைச் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. பேய்க்கதை என்றதும் வாயைப் பிளந்துகொண்டு உட்காருகிறவர்களை எனக்கு எப்போதுமே பிடிக்காது. வேலைவெட்டி இல்லாத கூட்டம் என்பேன். ஆனால் இது என் வீட்டில், என் கண்ணுக்கு முன்னால் நடந்தது. போன ஜூலை, ஒரு வியாழக்கிழமை. நடுராத்திரிகூட இல்லை. மாலை ஆறு மணி.

என் பெயர் ஜந்தீரா. பிரேசிலில் மீனாஸ் மலைப்பக்கம் ஒரு சின்ன ஊர். வயது அறுபது. நாற்பது வருடமாக ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறேன். இந்த ஊரில் பிறந்த குழந்தைகளில் பாதிப் பேர் என் போர்வைக்குள் தூங்கியவர்கள்தான். துண்டுத்துணிகளை ஒட்டி, நடுவில் பஞ்சு பரப்பி, அடியில் பழைய படுக்கை விரிப்பு வைத்து, மூன்றையும் சேர்த்துத் தையல் ஓட்டுவேன். ஒரு விரல் அகலத்துக்கு ஏழு தையல். கூடாது, குறையாது. இப்போது கடைகளில் மெஷினில் அடித்த நைலான் சனியனைத் தொங்கவிட்டுக் கையால் தைத்தது என்று விற்கிறார்கள். அதையும் நாலு பேர் தடவிப் பார்த்து ஆகா ஓகோ என்கிறார்கள். கண்ணும் இல்லை, விரலும் இல்லை அவர்களுக்கு.

என் மகன் லாரி ஓட்டுகிறவன். அன்று தெற்கே போயிருந்தான். வீட்டில் நான், மருமகள் ஜெனில்டா, பேரன் கயோ. கயோ பிறந்து பதிமூன்று நாள். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் வைத்திருந்தோம்.

ஜெனில்டாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆற்றங்கரை ஊர்க்காரி. எதற்கெடுத்தாலும் ஒரு சாங்கியம். ஞானஸ்நானம் ஆகாத பிள்ளை என்று தொட்டிலுக்கு அடியில் கத்தரிக்கோலை விரித்து வைத்திருந்தாள். பிள்ளையின் மணிக்கட்டில் சிவப்பு நாடா. ஈரத்தலையோடு யாரும் உள்ளே வரக்கூடாது. இத்தனையும் தெரிந்தவளுக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. மூன்று தடவை எச்சில் தொட்டு, நூலைப் பிசிறாக்கி, என்னிடமே நீட்டுவாள். என் மகன் எங்கே தேடிப் பிடித்தான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

காலை 10:40. கயோவை என் போர்வையில் சுற்றித் தொட்டிலில் கிடத்தியிருந்தது. ஓரத்துப் பட்டி ஒரு விரல் அகலத்துக்குப் பிரிந்திருப்பதைப் பார்த்தேன். ஜெனில்டா தோய்த்த லட்சணம் அது. ஊசியில் சிவப்பு நூல் கோத்துக்கொண்டு குனிந்தேன்.

"அத்தே, புள்ளைய வெளிய எடுத்துட்டுத் தைங்க."

"இப்பத்தான் கண்ணசந்தான். எழுப்பிவிட்டா நீயா தூங்க வைப்ப?"

"அப்ப அந்த வார்த்தையையாவது சொல்லிருங்க. மூணு தடவ. தைக்கிறவங்க வாயாலதான் சொல்லணும்."

"எந்த வார்த்தை?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க அத்தே. 'உசுருள்ளதுக்குத் தைக்கிறேன், செத்ததுக்கு இல்ல.' உடம்புமேல துணிய வச்சுத் தைக்கிறது பொணத்துக்கு மட்டும்தான..."

"உங்க ஊர்ல தும்முறதுக்கும் ஒரு மந்திரம் வச்சிருப்பீங்க. நூல் கோக்கத்தான் ஒருத்திக்கும் தெரியாது."

அவள் கண் கலங்கிவிட்டது. நான் சிரித்துக்கொண்டே தைத்தேன். வேண்டுமென்றே வாயை இறுக மூடிக்கொண்டு தைத்தேன். ஏழு தையல். முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்தேன். கயோ அசையக்கூட இல்லை.

பிற்பகல் 2:15. பால் கொடுக்க அவனை எடுக்கப் போனேன். போர்வை பிரிய மறுத்தது. எங்கோ பிடித்து இழுத்தது.

ஓரத்தைத் தடவினேன். என் ஏழு சிவப்புத் தையல். அதற்கு அடுத்து... எட்டாவதாக ஒன்று. ஒன்பது. பத்து. மொத்தம் பன்னிரண்டு தையல் கூடுதலாக இருந்தது. மேல் மடிப்பையும் அடி மடிப்பையும் சேர்த்துப் பிடித்துத் தைத்திருந்தது. நூல் வெள்ளை. வெள்ளைகூட இல்லை, பழுத்துப்போன மஞ்சள். அந்த நூல் என் வீட்டிலேயே கிடையாது.

"ஜெனில்டா, இது என்ன வேல?"

"எது அத்தே?"

"பழிவாங்குறியா? காலைல நான் பேசினதுக்கு?"

அவள் வந்து பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. சத்தியமாக நான் இல்லை என்று தொட்டிலில் கிடந்த பிள்ளையின் தலைமேல் கை வைத்தாள். சத்தியம் தேவையே இல்லை. அந்தத் தையலை அவளால் ஏழு ஜென்மத்துக்கும் போட முடியாது. குனிந்து எண்ணிப் பார்த்தேன். விரல் அகலத்துக்குப் பத்து. என்னுடையதைவிடப் பொடி. என்னுடையதைவிட நேர். சாய்வு மட்டும் எதிர்ப்பக்கம்... இடது கைக்காரர்கள் தைத்தால் விழுகிற சாய்வு.

உண்மையைச் சொல்கிறேன். அப்போது எனக்குப் பயம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. இந்த ஊரில் என்னைவிட நன்றாகத் தைக்கிறவள் எவள் என்று பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டுக்காரிகளை ஒவ்வொருத்தியாக நினைத்துப் பார்த்து, இவளுக்கு ஏது இந்தக் கை என்று ஒவ்வொருத்தியாகத் தள்ளினேன். பன்னிரண்டு தையலையும் பிரித்துப் போட்டேன். என்னுடைய ஏழை விட்டுவிட்டேன்.

ஜெனில்டா அந்தப் போர்வையைத் தொடமாட்டேன் என்றாள். அவள் அம்மா கொடுத்தனுப்பிய கடைப் போர்வையில் பிள்ளையைச் சுற்றினாள். நைலான். மேலே சிரிக்கிற கரடி.

மாலை 5:35. குளிர் இறங்கியது. நான் தொட்டிலைப் பார்த்தேன். அந்தக் கரடி என்னைப் பார்த்துச் சிரித்தது. ஊருக்கெல்லாம் போர்வை தைப்பவள் பேரன் நைலானுக்குள் கிடக்கிறான். மனசு கேட்கவில்லை. ஜெனில்டா கொல்லைப்பக்கம் துணி எடுக்கப் போன நேரம் பார்த்து, நானேதான் அவனை எடுத்து என் போர்வையில் சுற்றினேன். இதைத் தெரிந்துகொள்ளுங்கள். யாரும் செய்யவில்லை. நான்தான் செய்தேன்.

5:50. அடுக்களையில் காபிக்குத் தண்ணீர் வைத்தேன். கயோ சிணுங்கிக்கொண்டிருந்தான். சிணுங்கட்டும், நுரையீரலுக்கு நல்லது என்று விட்டுவிட்டேன்.

6:00. கோவில் ஒலிபெருக்கியில் மாதா பாட்டு ஆரம்பித்தது. தினமும் கேட்கிற பாட்டுதான்.

6:02. சிணுங்கல் நின்றது.

பாட்டுக்கு நடுவில் வேறொரு சத்தம்.

டிக்... சர்ர்ர்.

டிக்... சர்ர்ர்.

நாற்பது வருடமாக நான் கேட்கிற சத்தம். ஊசியின் பின்பக்கம் விரல் நுனியில் மாட்டுகிற தகரக் குப்பியில் முட்டினால் டிக். துணிக்குள் நூல் ஓடினால் சர்ர்.

என் ஊசி டப்பா என் முன்னால் மேசைமேல் இருந்தது. மூடித்தான் இருந்தது. தகரக் குப்பி அதற்குள்.

டிக்... சர்ர்ர்.

யாரோ வேகமாகத் தைத்தார்கள். அவசரமாக.

6:03. அறை வாசலில் நின்றேன். உள்ளே யாரும் இல்லை. தொட்டிலில் போர்வை இருந்தது. பிள்ளையின் கால் தெரியவில்லை. கை தெரியவில்லை. ஒரு சின்னப் பை மாதிரி, கீழிருந்து மேலாகத் தைத்து மூடியிருந்தது.

முகம் இன்னும் மூடவில்லை.

தாடைக்குக் கீழே நூல் தானாக எழுந்தது. இறங்கியது. எழுந்தது.

கயோவின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், என் இடது தோளுக்கு மேலே பார்த்தது.

தொட்டிலுக்கு அடியில் ஜெனில்டா விரித்து வைத்த கத்தரிக்கோல். எடுத்தேன். வெட்டினேன்.

துணி வெட்டுப்பட்டது. நூல் வெட்டுப்படவில்லை.

மறுபடி வெட்டினேன்...

நூல் வெட்டுப்படவில்லை.

"சொல்லுங்க அத்தே." ஜெனில்டா வாசலில். துணி மூட்டை அவள் காலடியில் கிடந்தது. கத்தவில்லை அவள். "நான் சொன்னா ஆகாது. தச்சவங்கதான் சொல்லணும். சொல்லுங்க."

வாயைத் திறந்தேன்.

டிக்...

"உசுருள்ளதுக்குத் தைக்கிறேன். செத்ததுக்கு இல்ல."

சர்ர்ர்...

"உசுருள்ளதுக்குத் தைக்கிறேன்... செத்ததுக்கு இல்ல."

நூல் பாதியில் நின்றது.

மூன்றாவது தடவை நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

நூல் தளர்ந்தது.

என் கழுத்துக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். வேலையைப் பாதியில் வைத்துவிட்டு எழுகிறவர்கள் விடுகிற மூச்சு.

கயோ அழுதான்.

6:07. பாட்டு முடிந்தது. அடுக்களையில் தண்ணீர் வற்றிப் பாத்திரம் தீய்ந்துகொண்டிருந்தது.

டாக்டர் வந்து பார்த்தார். குளிர் தாக்கியிருக்கும், கதகதப்பாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். படித்தவர்கள் சொல்வதைக் கேட்டால் சில நேரம் சிரிப்புதான் வரும். கயோவை அன்று ராத்திரி முழுக்க ஜெனில்டாவும் நானும் மாற்றி மாற்றி மடியில் வைத்திருந்தோம். நைலான் கரடிப் போர்வையில்தான். நானேதான் சுற்றினேன்.

விடிந்ததும் என் போர்வையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். மஞ்சள் நூல் எங்கும் சுருள் சுருளாகத் தொங்கியது. ஆனால் முந்தின நாள் நான் போட்ட சிவப்புத் தையல் ஏழையும் காணவில்லை. பட்டி பிரிந்தே இருந்தது. ஏழு தையலுக்கான ஊசித்துளைகள் மட்டும் வரிசையாக இருந்தன. யாரும் அதைப் பிரிக்கவில்லை. நானும் பிரிக்கவில்லை.

பிள்ளை பிழைத்தால் அந்தப் போர்வையை மாதா கோவிலில் வைப்பதாக ஜெனில்டா நேர்ந்துகொண்டிருந்தாள். குன்றுக் கோவிலில் அதற்கென்று ஒரு நேர்த்திக்கடன் அறை உண்டு. மெழுகில் செய்த கை, கால், தலை, உடைந்த ஊன்றுகோல், மங்கிப்போன போட்டோ எல்லாம் அங்கே தொங்கும். எவனுக்கோ கால்வலி சரியானதற்கு மாதாவுக்கு ஒரு மெழுகுக்காலா என்று கேலி செய்துகொண்டு, அறுபது வருடத்தில் ஒரு தடவைகூட நான் அதற்குள் நுழைந்ததில்லை. சின்ன வயதில் நான் எட்டிப் பார்க்கப் போனபோதெல்லாம் என் அம்மா வாசலிலேயே கையைப் பிடித்து இழுத்துவிடுவாள். ஏன் என்று அவள் சொன்னதில்லை. அவள் போய் இருபது வருடம் ஆகிறது.

ஞாயிறு, ஞானஸ்நானம் முடிந்து 11:20. ஜெனில்டாவோடு உள்ளே போனேன். போர்வையை மாட்ட ஆணி தேடினேன். மூலையில், மெழுகுக் கைகளுக்குப் பின்னால், ஒரு ஆணியில் ஒரு சின்ன வெள்ளைத் துணிப்பை தொங்கியது. முழங்கை நீளம் இருக்கும். தூசி படிந்திருந்தது. அதில் ஒரு காகிதம் குத்தியிருந்தது. எழுத்து எனக்குத் தெரிந்த எழுத்து. என் அம்மாவுடையது.

'என் மகள் ஜந்தீரா. பதிமூன்று நாள். மூச்சு நின்றுவிட்டது என்று சவத்துணியில் வைத்துத் தைத்தார்கள். நெஞ்சுவரை தைத்தபோது அழுதாள். தைத்தவள் அப்படியே விட்டுவிட்டாள். மாதாவுக்கு நன்றி.'

தேதி ஜூலை. நான் பிறந்த வருடம்.

பையைத் திருப்பினேன். கீழிருந்து நெஞ்சுவரை தையல் ஓடியது. பழுத்த மஞ்சள் நூல். விரல் அகலத்துக்குப் பத்து. இடது கைச் சாய்வு.

"என்ன அத்தே பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. பிள்ளையத் தூக்கிட்டு நீ வெளிய போ, கண்ணு."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளை நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மஞ்சள் நூல் நின்ற இடத்திலிருந்து வேறு நூல் தொடங்கியது. சிவப்பு. புத்தம் புதுசு, தூசிகூட இல்லை. வலது கைச் சாய்வு. முடிச்சுக்குப் பக்கத்தில் பல்லால் கடித்த பிசிறு.

எண்ணினேன். ஏழு.

அங்கேயே நின்று அந்த வார்த்தையை மூன்று தடவை சொன்னேன். பிறகும் மூன்று தடவை சொன்னேன். நூல் தளரவில்லை.

அதற்கு மேல், கழுத்துவரை, இன்னும் மூன்று விரல் அகலம்தான் திறந்திருக்கிறது.