மலையில் தகுதியானவர் யாருமில்லை

இன்று வறட்சி நிவாரண அரிசி கேட்கக் குப்பம்மாளுடன் மலையிலிருந்து தாலுகா அலுவலகத்துக்கு இறங்கினேன். போன மாதம், பசிக்கு விஷக் காட்டுக் கிழங்கு தின்ற கணவனைப் பறிகொடுத்தவள்.

"உங்க மலையில யாருக்கும் தகுதி இல்லன்னு புதுசா வந்த கம்ப்யூட்டர் சொல்லிடுச்சே" என்றார் அதிகாரி.

பயிர் கருகியவர் அல்லது நிலமில்லாதவருக்கு அரிசி என்பதுதான் விதி. அந்த அலுவலகத்திலேயே இருந்த, புரோகிராம் எழுதியவரிடம் கேட்டேன். அவர் கம்ப்யூட்டரில் விதியைத் தேடிப் பார்த்தார்.

"'அல்லது'ன்னு அர்த்தம் வர்ற 'ஆர்' போடற எடத்துல, 'மற்றும்'னு அர்த்தம் வர்ற 'ஆண்ட்' போட்டுட்டேங்க. ரெண்டும் சேர்ந்து இருந்தாத்தான் அரிசின்னு ஆயிடுச்சு. நெலமே இல்லாதவங்களுக்குப் பயிர் ஏது?"

"மேலிடத்து உத்தரவு வராம திருத்த முடியாது. அடுத்த மாசம் வாங்க" என்றார் அதிகாரி.

திரும்பும் பஸ்ஸில் குப்பம்மாள் கேட்டாள்: "அதுவரைக்கும் இன்னாங்க துண்றது?"

கம்ப்யூட்டரைத் தவிர வேறு யாருக்காவது பதில் தெரிந்தால் சொல்லுங்கள்.