மேற்கே திரும்பாத கழுத்து

"சூரியன் தினமும் மேற்கே போகுது, தோழர்களே. அது அதோட பலவீனம். இந்த ஒட்டோமார் கிளேபெர்க்கோட கழுத்து ஒருநாளும் அந்தப் பக்கம் திரும்பாது!"

1961 செப்டம்பரில், எங்கள் குடியிருப்பின் துணி துவைக்கும் அறையில் நடந்த கூட்டத்தில் இந்த வரலாற்றுச் சிறப்புமிக்க அறிவிப்பு வெளியானது. நாங்கள் கைதட்டினோம். கைதட்டாதவர்கள் யார் என்று பார்ப்பதற்கென்றே ஒருவர் வந்திருந்ததால் கொஞ்சம் பலமாகவே தட்டினோம். சூரியன் மறுப்பு ஏதும் தெரிவிக்கவில்லை.

அந்தக் காலத்தில் அமெரிக்காவும் சோவியத் ரஷ்யாவும் உலகத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு, ஆளுக்கொரு பக்கம் அணுகுண்டுகளை அடுக்கிவைத்து, நிலவுக்கு யார் முதலில் போவது என்று போட்டி போட்டுக்கொண்டிருந்தன. ஹார்ட்ஸ் மலையடிவாரத்தில், கிழக்கு ஜெர்மனியின் கடைசி ஓரத்தில் இருந்த எங்கள் ஆஷென்ரோடேயில் அந்த மாபெரும் போர் டிவி ஆன்டெனாக்களை வைத்து நடந்தது. எல்லைக்கு அப்பால் மலைமேல் முதலாளித்துவத்தின் ஒளிபரப்புக் கோபுரம் நின்றது. ஆன்டெனா அந்தப் பக்கம் பார்த்தால் வீட்டுக்குள் சோப்பு விளம்பரம் வரும். சோப்பு வந்தால் சோஷலிசம் போய்விடும். ஆகவே ஆன்டெனாக்கள் எல்லாம் கிழக்கே பார்க்க வேண்டும் என்று மேலிடம் முடிவு செய்தது.

அந்தத் திருப்பணிக்கு ஒட்டோமாரைவிடத் தகுந்த ஆள் கிடையாது. தொழில் கூரை வேய்வது. பதவி குடியிருப்புப் பொறுப்பாளர். வீடு வீடாக ஏறி ஒவ்வொரு ஆன்டெனாவையும் கிழக்கே திருப்பி, இனி எந்தக் கொம்பனும் அசைக்க முடியாதபடி இரும்புப் பட்டை போட்டு ஆணி அறைந்தார். முன்மாதிரியாக இருக்க வேண்டுமே என்று முதல் பட்டையைத் தன் கூரையில்தான் போட்டார். அதற்கு மட்டும் இரட்டைப் பட்டை.

இவ்வளவு வேகத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அவருடைய ஒரே மகள் ஹைட்ரூன், ஆஸ்பத்திரி நர்ஸ், ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மேற்கு பெர்லினில் சித்தி மகள் கல்யாணத்துக்குப் போனாள். ஞாயிறு விடிவதற்குள் நடுவில் முள்வேலி முளைத்துவிட்டது. திரும்பி வருவதற்குத் தடையில்லை; இந்தப் பக்கம் வருகிறவர்களை எங்கள் அரசு என்றைக்கும் தடுத்ததில்லை. அவள்தான் வரவில்லை. அப்பாவை இரண்டு முறை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். இரண்டாம் முறை போய்வந்த வாரத்தில்தான் சூரியனுக்கு அந்தக் கண்டனம்.

மகளின் கடிதங்களைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். தபால்காரர் எதிரிலேயே, தெருவுக்குக் கேட்கும்படி, "எனக்கு அப்படி யாரையும் தெரியாது!" என்பார். பிறகு கடிதங்கள் நின்றன. கடைசிக் கடிதம் திரும்பிப் போன அன்று அவர் மனைவி ட்ராவ்டெல் அவருடன் பேச்சை நிறுத்தினாள்.

அடியோடு நிறுத்தவில்லை. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு கேனரிப் பறவை உண்டு. அவர்கள் வீட்டில் இருந்ததன் பெயர் மாட்ஸ். ட்ராவ்டெல் எல்லாவற்றையும் மாட்ஸிடம்தான் சொல்வாள்.

"மாட்ஸ், சூப் ஆறுது. வேணும்னா குடிக்கச் சொல்லு."

"உப்பு இல்லைன்னு சொல்லு மாட்ஸ்," என்பார் ஒட்டோமார்.

"உப்பு மேற்குப் பக்கம் இருக்கு மாட்ஸ். கழுத்து திரும்புமான்னு கேளு."

மூன்று வருஷம் அந்தக் குடும்பத்தை மாட்ஸ் இப்படித்தான் நடத்தியது. இரண்டு வல்லரசுகளுக்கும் அதைப் போல ஒரு தூதர் வாய்த்திருந்தால் கியூபாவில் அவ்வளவு பதற்றம் இருந்திருக்காது.

1964 இலையுதிர்காலத்தில் ட்ராவ்டெலின் நுரையீரல் கைவிட ஆரம்பித்தது. ஈஸ்டரைத் தாண்டுவது சிரமம் என்று டாக்டர் ஒட்டோமாரை மாடிப்படிக்கு அழைத்துச் சொன்னார். அதே சமயத்தில் அரசு ஓய்வூதியக்காரர்களை மட்டும் மேற்கே போய்வர அனுமதித்தது. அவர்கள் திரும்பி வராவிட்டால் அரசுக்கு மிச்சம். எங்கள் கீழ்வீட்டு ட்சாய்னர் அம்மாள் போனாள். எல்லோரும் வியக்கும்படி திரும்பியும் வந்தாள். காப்பித்தூளும் ஒரு செய்தியும் கொண்டுவந்தாள்.

"ஹைட்ரூன் இப்ப பெர்லின்ல இல்ல ட்ராவ்டெல். மலைக்கு அந்தப் பக்கமே வந்துட்டா. இதுக்குமேல கிட்ட வர முடியாதாம். அங்க சர்ச்ல பாடுறா. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவங்க டிவில காட்டுறாங்களாம். அம்மாவோட நீலச் சால்வையைப் போட்டுக்கிட்டு நிப்பாளாம்."

ராத்திரி சாப்பாட்டின்போது ட்ராவ்டெல் சொன்னாள்: "மாட்ஸ், எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அந்தச் சால்வையை ஒரு தடவை பாத்துட்டாப் போதும்."

இதை மறுநாள் மாடிப்படியில் ஒட்டோமார் என்னிடம் சொன்னார். நான் எதிர்வீடு. "பக்கத்து ஊர்ல யார் வீட்டுலயாவது பாக்கலாமா லோதர்?" என்று கேட்டார்.

"யார் வீட்டுல தோழரே? பத்து மைல் சுத்தி எல்லா ஆன்டெனாவையும் நீங்கதானே திருப்பினீங்க. தேர்ந்த வேலைக்காரர் ஆச்சே."

சொல்லியிருக்க வேண்டாம். அவர் முகம் வெந்த உருளைக்கிழங்கு போல ஆகிவிட்டது.

அந்த ஞாயிறு பட்டப்பகலில், பனி பெய்துகொண்டிருக்கும்போதே, தெரு முழுக்கப் பார்க்க ஒட்டோமார் கூரைமேல் ஏறினார். நான் பரண் படிக்கட்டில் நின்றேன். பட்டை அசையவில்லை. சுத்தியல், கடப்பாரை எதற்கும் மசியவில்லை. இந்த நாட்டில் செய்த வேலை ஒன்றும் நிலைக்காது என்று சொல்கிறவர்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

"நேரமாகுது தோழரே!"

"நாசமாப் போனவன், எவன்டா இப்படி அடிச்சான்!" என்று மேலிருந்து குரல் வந்தது. பிறகு ரம்பம் ஓடும் சத்தம். கம்பத்தையே அறுத்து, வயர் தொங்கத் தொங்க, ஆன்டெனாவை மார்போடு அணைத்துக்கொண்டு கூரை உச்சியில் எழுந்து நின்றார்.

கீழே தெருக் காவலர் ப்ரெட்ஷ்னைடர் வந்து நின்றார். "தோழர் கிளேபெர்க்! என்ன பண்றீங்க?"

"ரிப்பேர்!"

"எந்தத் திசைல ரிப்பேர்?"

ஒட்டோமார் ஆன்டெனாவை இன்னும் இறுக்கிப் பிடித்தார். மூன்றாம் விசாரணைக்குக் காலையில் ஆள் வரும் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். காவலர் மாடி ஜன்னலைப் பார்த்தார். உள்ளே ட்ராவ்டெல் இருமுவது தெருவரைக்கும் கேட்டது. "விழுந்து தொலைக்காதீங்க," என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றார்.

வீட்டுக்குள் டிவி முன்னால் போர்வையோடு ட்ராவ்டெல். "மாட்ஸ், வெறும் புள்ளி புள்ளியாத் தெரியுதுன்னு சொல்லு." மாட்ஸ் சும்மா இருந்தது. நான் படிக்கட்டிலிருந்து மேலே கத்தினேன். அவர் அரையங்குலம் திருப்பினார். "மாட்ஸ், சத்தம் வருது, முகம் வரல." நான் கத்தினேன். அவர் இன்னும் அரையங்குலம் கொடுத்தார், கஞ்சனைப் போல. முகத்தை மட்டும் விடாப்பிடியாகக் கிழக்கே வைத்திருந்தார். பாட்டு ஆரம்பித்துவிட்டது. திரையில் பனி, அதற்குப் பின்னால் வரிசையாக வெள்ளை நிழல்கள்.

அப்போது ஜன்னல் படாரென்று திறந்தது.

"ஒட்டோமார்! இன்னும் கொஞ்சம் மேற்கால திருப்புய்யா! முடிஞ்சிடப் போவுது!"

நடுவில் மாட்ஸ் இல்லை, நான் இல்லை. அவர் ஓட்டின்மேல் ஒரு காலை எடுத்து வைத்தார். ஆன்டெனா மார்போடு இருந்ததால் அதனுடன் தோள் திரும்பியது, தோளுடன் கழுத்தும் திரும்பியது.

"ஆங்! அப்படியே நில்லு! சால்வை தெரியுது! அசையாதே!"

நின்றார். பனிமூட்டத்தில் அன்று சூரியன் கண்ணிலேயே படவில்லை. மேற்கே பார்த்துக்கொண்டிருந்தது ஒட்டோமார் மட்டும்தான்.