தூள் அறைக்குப் போகும் உடை

அந்த வீட்டு மருமகள் மாத்திரைத் தொழிற்சாலையில் மருந்துத் தூள் நிறுப்பவள். கணவன் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்தப் போனபோது ஸ்கூட்டரும் அவனோடு போயிற்று. அவன் தங்கை மட்டும் போகவில்லை. “அண்ணன் போனா நானும் மூட்டை கட்டணுமா? எனக்கு இந்த வீட்டு ஜன்னல் பிடிச்சிருக்கு” என்று அண்ணியோடேயே தங்கிவிட்டாள். அன்றுமுதல் மருமகள் சைக்கிளில் வேலைக்குப் போனாள். அழவில்லை. யாரேனும் விசாரித்தால், அடுத்த தெருச் சங்கதியைக் கேட்பவள்போலத் தலையை மட்டும் ஆட்டினாள்.

மழைக்காலம் பிறந்தது. தூள் நிறுக்கும் அறை ஈரத்தைப் பொறுக்காத இடம். சிறிது ஈரம் புகுந்தாலும் தூள் கட்டிதட்டிவிடும். ஆகையால் மேற்பார்வை அம்மாள் வாசலிலேயே ஒவ்வொருவரின் கழுத்தையும் மணிக்கட்டையும் தொட்டுப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்.

“நேத்தும் ஈரம், இன்னிக்கும் ஈரம்” என்றார் ஒரு நாள் மருமகளிடம்.

“மழைக்கோட்டு போட்டுட்டுத்தான் வந்தேன், மேடம்.”

“கோட்டு நனையக் கூடாதுன்னு நீங்க நனைஞ்சீங்களா? இன்னொரு தரம் இப்படி வந்தா லேபிள் ஒட்டுற பக்கம் அனுப்பிடுவேன்.”

லேபிள் கூடத்தில் பெண்கள் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருப்பார்கள். கைக்கு ஓய்வு இருந்தாலும் வாய்க்கு இராது. வீட்டுக்காரர் வந்து பார்க்கிறாரா, ராத்திரி யாருக்குச் சமைக்கிறாய் என்று துருவுவார்கள். தூள் அறையிலோ முகக்கவசத்தைக் கட்டிவிட்டால் பேச்சே கூடாதென்பது விதி. அவளுக்கு உலகத்தில் வேண்டியிருந்தது அந்த ஒரு விதிதான்.

அன்று மாலை மழை விட்டிருந்தது. கணவன் விட்டுப்போன தடித்த ரப்பர் கோட்டை விரித்து, தூள் பையை மூடிப் பழகிய கையால் அதை மூடத் தொடங்கினாள். அக்குளில் இருந்த காற்றுத் துளைகளை ஒட்டுநாடாவால் அடைத்தாள்; அணிந்துகொண்டு, கழுத்தையும் மணிக்கட்டையும் சுற்றி ஒட்டினாள். சோதித்துப் பார்க்கச் சைக்கிளில் தெருக்களைச் சுற்றி வந்தாள்.

வந்தவளின் கோட்டை நாத்தனார் கழற்றினாள். உள்ளே ரவிக்கையும் சேலையும் பிழிந்தால் சொட்டும்படி இருந்தன.

“வானத்துல ஒரு சொட்டு இல்லையே அண்ணி. எங்க போய் நனைஞ்சீங்க?”

மருமகள் குனிந்து பார்த்தாள். நனைந்தது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

“மருந்துக்கு வேர்க்காது, கட்டி வைக்கலாம். உங்களையுமா கட்டி வைப்பாங்க?”

“அப்போ எதைப் போட்டுக்கிட்டுப் போறது?”

“ஒண்ணும் வேணாம்.”

“ஒண்ணுமில்லாமயா?”

“சீ, கோட்டைச் சொன்னேன். நீங்க நனைஞ்சுக்கிட்டே போங்க. மாத்துத் துணிய மட்டும் கட்டி எடுத்துட்டுப் போங்க.”

இருவரும் அலமாரியைக் குடைந்தார்கள். பருத்தி நீரைக் குடித்துக் கனக்கும். சேலையைச் சைக்கிள் சங்கிலி விடாது. கடைசியில், உதறினால் நீர் தெறித்துவிடும் மெல்லிய நைலான் கால்சட்டையும் அரைக்கைச் சட்டையும் தேறின. காலுக்கு ரப்பர் செருப்பு. தலைக்குக் குளியல் தொப்பி. “பூரி மாதிரி உப்பியிருக்கு” என்றாள் நாத்தனார். உள்ளாடை முதல் துண்டுவரை மாற்றுத்துணி எல்லாவற்றையும் இரட்டைப் பைக்குள் வைத்துக் காற்றுப் புகாமல் ஒட்டினார்கள்.

மறுநாள் மழை கொட்டித் தீர்த்தது. அவள் தொப்பலாக நனைந்து தொழிற்சாலையை அடைந்து, கழிப்பறையில் துடைத்து உடைமாற்றினாள். தன் தோலை நம்பாமல், மெல்லிய காகிதத்தைக் கழுத்திலும் மணிக்கட்டிலும் அழுத்தி எடுத்தாள். காகிதம் மொடமொடவென்றே இருந்தது.

மேற்பார்வை அம்மாள் தொட்டுப் பார்த்தார், மறுபடியும் தொட்டார். “பஸ்ல வந்தீங்களா?”

“சைக்கிள்ல, மேடம்.”

“சரி, போங்க.”

கதவு மூடிக்கொண்டது. மாலைவரை அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் கேட்டாள்: “உள்ள விட்டாங்களா?”

“விட்டாங்க.”

“மழை ஜில்லுன்னு இருந்திருக்குமே அண்ணி?”

மருமகள் சற்று யோசித்தாள்.

“இருந்திருக்கும்” என்றாள்.